ஆன்லைன்ல லேப் வைரக் கம்மல் வாங்கலாமா? அம்மாவுக்கு, ஒத்தைக்கல்

மல்லி_78:
எல்லாருக்கும் வணக்கம். தை மாசம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. அம்மாவுக்கு வைரத்தோடு போடணும்னு ரொம்ப வருஷ ஆசை, எங்க படிப்பு கல்யாணம்னு தள்ளித் தள்ளிப் போயிருச்சு. கடையில ஒத்தைக்கல் கேட்டா சொல்ற விலைக்கு தலை சுத்துது, அதான் ஆன்லைன்ல லேப் வைரம், அதாவது மெஷின்ல வளக்கற வைரம், பாத்துட்டு இருக்கேன். பட்ஜெட் 50ல இருந்து 60 ஆயிரம். "1 கேரட் சாலிடேர், 14 கேரட் தங்கம், சர்ட்டிஃபிகேட் உண்டு"ன்னு ஒண்ணு பட்ஜெட்டுக்குள்ள வருது. ஆனா அத்தை "அது ஏடி கல்லுதான்டி, பேரை மாத்தி விக்கிறான்"ங்கறாங்க. நிஜமாவே வைரமா? வாங்கும்போது என்ன பாக்கணும்? இன்னொண்ணு, அம்மாவுக்கு காது ஓட்டை கொஞ்சம் இறங்கி பெருசா இருக்கு, அதுக்கு இந்த மாதிரி கம்மல் நிக்குமா?

சூரத்_ரிட்டர்ன்:
வைரம்தான், அத்தைகிட்ட தைரியமா சொல்லுங்க. ஏடிங்கறது அமெரிக்கன் டைமண்டு, ஜிர்கோனியாங்கற வேற கல்லு, அதுல கார்பனே கிடையாது. இது பூமிக்குள்ள கிடைக்கற அதே கார்பன், கடினமும் ஜொலிப்பும் அதேதான். நான் சூரத்ல கல்லு பட்டை தீட்டுற யூனிட்ல வேலை பாத்தவன், கண்ணால பாத்து ரெண்டையும் பிரிக்க எங்களாலயே முடியாது, அதுக்குன்னு லேப்ல மெஷின் இருக்கு. மெல்லிசா ஒரு வைரத் தகட்டை விதையா வெச்சு மீத்தேனும் ஹைட்ரஜனும் உள்ள விட்டு பயங்கரமா சூடாக்குனா கார்பன் அடுக்கடுக்கா அது மேல படியும், சில வாரத்துல வெட்டுற சைஸுக்கு வளந்துரும், இதுதான் சிவிடி. ஹெச்பிஹெச்டின்னு இன்னொண்ணு, அழுத்தமும் சூடும் குடுத்து செய்யறது, 1954லயே ஜெனரல் எலெக்ட்ரிக்காரங்க செஞ்சு காட்டிட்டாங்க. நம்ம சென்னை ஐஐடிக்கு 2023ல இதுக்குன்னே ஆராய்ச்சி மையம் வைக்க மத்திய அரசு 5 வருஷத்துக்கு 242 கோடி ஒதுக்குச்சு, ஏடி கல்லுக்கா அவ்ளோ பணம் குடுப்பாங்க 😀

இப்ப மேட்டருக்கு வர்றேன். அந்த "1 கேரட்" (கல்லுக்கு கேரட்னா எடை, தங்கத்துக்குத்தான் தரம்) ஜோடிக்கா ஒத்தைக்கான்னு முதல்ல பாருங்க. முக்காவாசி சைட்ல மொத்த எடையைத்தான் போடுவாங்க, அப்ப ஒரு காதுக்கு 50 சென்ட், அதாவது அரை கேரட்தான். ரவுண்டு கல்லுன்னா 50 சென்ட் 5 மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும், 1 கேரட்டுன்னா ஆறரை. ஃபோட்டோல மாடல் காதுல பாத்து சைஸ் முடிவு பண்ணாதீங்க, ஸ்கேல் எடுத்து பேப்பர்ல வட்டம் போட்டு வெட்டி அம்மா காதுல வெச்சுப் பாருங்க.

அடுத்து, இந்த சைஸுக்கு ரெண்டு கல்லுக்கும் தனித்தனி ஐஜிஐ (வைரத்தைச் சோதிச்சு தரம் போடற லேப்) ரிப்போர்ட் கேளுங்க. ரிப்போர்ட் நம்பர் எல்ஜின்னு ஆரம்பிக்கும், அதே நம்பரை கல்லோட இடுப்புல லேசர்ல பொறிச்சிருப்பாங்க, லூப், அதாவது நகைக்கடை பூதக்கண்ணாடி, வெச்சாத்தான் தெரியும். நம்பரை ஐஜிஐ சைட்ல போட்டு எடை, கலர், மில்லிமீட்டர் எல்லாம் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஜோடிங்கறதால ரெண்டும் ஒரே கலர், ஏறக்குறைய ஒரே சுத்தளவு இருக்கணும், இல்லன்னா மூஞ்சிக்கு ரெண்டு பக்கமும் வித்தியாசமா அடிக்கும். கலர் எஃப் ஜி (கிட்டத்தட்ட நிறமே தெரியாது), க்ளாரிட்டி, அதாவது உள்ள குறை எவ்ளோ கம்மிங்கறது, விஎஸ் போதும், அதுக்கு மேல் ரகமான விவிஎஸ்க்கு காசு குடுக்கறது காதுல போடற பொருளுக்கு வீண், அதைவிட கட் எக்ஸலன்ட் இல்ல ஐடியல்னு இருக்கான்னு பாருங்க, ஜொலிப்பு அதுலதான் இருக்கு. வந்தப்புறம் வெயில்ல வெள்ளை பேப்பர் மேல வெச்சுப் பாருங்க, சிவிடின்னா சிலது லேசா பழுப்பு தட்டும், ஹெச்பிஹெச்டின்னா லேசா நீலம், ரிப்போர்ட்ல வர்ற கலர் லெட்டர்ல இது தெரியாமப் போகலாம்.

அண்ணாச்சி_கடைவீதி:
தம்பி சொல்றது எல்லாம் சரி, ஆனா விக்கப்போனா என்ன கிடைக்கும்னு யாரும் வாயத் தொறக்கல பாத்தீங்களா. மெஷின்ல எத்தனை வேணா செய்யலாம், அதனால வருஷா வருஷம் விலை இறங்குது. வைரச் சுரங்கக் கம்பெனி டி பீயர்ஸே 2018ல லைட்பாக்ஸ்னு பிராண்டு ஆரம்பிச்சு கேரட் 800 டாலர்னு வித்தாங்க, 2025ல மூடறோம்னு அறிவிச்சுட்டாங்க. நாளைக்கு ஒரு அவசரம்னு அடகு வைக்கப் போனா கல்லு எடையைக் கழிச்சுட்டு தங்கத்துக்கு மட்டும்தான் பணம் தருவான். அந்த 60 ஆயிரத்துக்கு 22 கேரட்ல கம்மல் எடுத்தா அது சொத்து.

மல்லி_78:
அண்ணாச்சி, சொத்துக்கு இல்ல, அம்மா போட்டு அழகு பாக்கறதுக்குத்தான். அதுவும் அடகுக்கடையில நிஜ வைரத்தையும் கழிக்கத்தானே செய்யறாங்க?

அண்ணாச்சி_கடைவீதி:
அதுவும் கழிப்பான்தான், இல்லங்கல. ஆனா வாங்குன கடையிலயே மாத்துனா மைன்ல வந்த கல்லுக்கு ஏதோ ஒரு விலை போடுவான். சரி போடறதுக்குத்தான்னா எடுங்க. பில்லுல லேப் வைரம்னு தெளிவா எழுதி, தங்கம் எடை தனியா, கல் எடை தனியா, கூலி தனியா இருக்கணும். மொத்த எடைக்கு தங்க விலை போட்டிருந்தா ஓடிருங்க.

தோடு_பைத்தியம்:
கல்லையே பேசறீங்களே, கம்மல் நிக்கறது திருகாணிலதான்! ஆன்லைன்ல நிறைய டிசைன் புஷ் பேக்ல வருது, அழுத்தி மாட்டறது, அது நம்ம அம்மாக்களுக்கு சரிப்படாது, தலைக்கு ஊத்தும்போதோ சேலை மாத்தும்போதோ எங்கயோ விழுந்துரும், தேடவும் முடியாது. ஃபில்டர்ல "சவுத் ஸ்க்ரூ"ன்னு இருக்கும், அதைப் போடுங்க, நம்மூர் திருகாணிதான் அது, தண்டும் கொஞ்சம் தடியா இருக்கும், இறங்கின காதுக்கு அதான் பிடிக்கும். நாலு கொக்கி வெச்சு உசரமா நிக்கற மாடல் முன்னால கவுந்து தரையப் பாக்கும், காதோட ஒட்டி உக்கார்ற மாதிரி தாழ்வான செட்டிங்கா பாருங்க, பின்னாடி அகலமா ஒரு தகடு வாஷர் போட்டா இன்னும் நேரா நிக்கும், அதை உள்ளூர் ஆசாரிகிட்டயே செஞ்சுக்கலாம்.

14 கேரட் ஒண்ணும் மட்டம் இல்ல, 22ஐ விட கெட்டி, கொக்கி சீக்கிரம் வளையாது. 585னு முத்திரை, பிஐஎஸ் ஹால்மார்க் குறி, கூடவே ஒவ்வொரு நகைக்கும் தனியா குடுக்கற ஆறெழுத்து ஹெச்யூஐடி நம்பர் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாத்துக்கங்க. பின்பக்கம் திறந்திருக்கற செட்டிங்கா எடுங்க, வைரத்துல எண்ணெய்ப் பிசுக்கு சட்டுனு ஒட்டும், எண்ணெய் தேச்சுக் குளிக்கற அம்மான்னா கேக்கவே வேணாம், மங்கிப்போச்சேன்னு ஏமாத்திட்டான்னு நினைப்பாங்க. வெதுவெதுன்னு தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு, பழைய மெல்லிசு பிரஷ், அவ்ளோதான். வாஷ் பேசின் மேல மட்டும் கழுவாதீங்க.

மல்லி_78:
ஐயோ அந்த டிசைன் புஷ் பேக்தான் அக்கா, இப்பத்தான் பாக்கறேன். ஸ்க்ரூ கேட்டு மெயில் போடறேன். இன்னொரு சைட்ல ஜிஐஏ ரிப்போர்ட்னு போட்டு ஸ்டாண்டர்டுன்னு மட்டும் இருக்கு, கலரே காணோம், அது டூப்பா?

சூரத்_ரிட்டர்ன்:
டூப் இல்ல. ஐஜிஐ மாதிரியே தரம் போடற ஜிஐஏ, 2025 அக்டோபர்ல இருந்து லேப் வைரத்துக்கு பழையபடி கலர் க்ளாரிட்டி போடறதை நிறுத்திட்டு ப்ரீமியம், ஸ்டாண்டர்டுன்னு ரெண்டே ரகமாத்தான் தர்றாங்க. உங்களுக்கு ஜோடி சேரணும்ல, அதனால கலர் போட்டு வர்ற ஐஜிஐயே எடுங்க. பார்சல் வந்ததும் சீல் பிரிக்கறதை கட் பண்ணாம வீடியோ எடுங்க.

மல்லி_78:
ரொம்ப நன்றி சகோ, அக்கா, அண்ணாச்சி. கடைசியா ஒண்ணு, சிரிக்காதீங்க. பாட்டி வைரம்னா தோஷம் பாக்கணும், மூணு நாள் வீட்ல வெச்சுப் பாத்துட்டுத்தான் போடணும்ங்கறாங்க. மெஷின்ல வளந்ததுக்கும் அது உண்டா?

தோடு_பைத்தியம்:
உண்டோ இல்லையோ, பாட்டி மனசு நிறையட்டும், வெச்சுப் பாருங்க. ரிட்டர்ன் எத்தனை நாள்னு மட்டும் முன்னாடியே பாத்துக்கங்க, டேக்கை யாரும் பிச்சிராம ஒளிச்சு வைங்க, டேக் போச்சுன்னா பாட்டி வேணாம்னு சொன்னாலும் அவன் திருப்பி எடுக்க மாட்டான் 😂