ஏழு வாரம் ஆகியும் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே: இது தானாகச் சரியாகுமா?

தூக்கம்வராதவள்:
மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரம் ஆகிறது. வழவழப்பான வட்ட வடிவ சிலிகோன் இம்ப்ளான்ட், தசைக்கு அடியில், இரண்டு பக்கமும் 325 சிசி. வலது பக்கம் நன்றாக இறங்கிவிட்டது, இடது இன்னும் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டு கல் மாதிரி நிற்கிறது. மல்லாந்து படுத்தால் வலது மட்டும் அக்குள் பக்கம் லேசாக ஒதுங்குகிறது. காய்ச்சல், சிவப்பு, பெரிய வலி எதுவும் இல்லை. டாக்டர் பொறுங்கள் என்கிறார், ஆனால் அவர் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார் போலிருக்கிறது. எனக்கு இப்போது இடது மேலே நிற்பது பிரச்சினையா, இல்லை வலது அளவுக்கு மீறிக் கீழே போய்விட்டதா என்றே புரியவில்லை.

ஊதாப்பூ:
ஏழு வாரம் எல்லாம் ஒன்றுமே இல்லை. தசைக்கு அடியில் வைத்தால் அந்தத் தசை இறுகிப்போய் இம்ப்ளான்டை மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ளும், அது தளர்ந்து இறங்க மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும், இரண்டு பக்கமும் ஒரே நாளில் இறங்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. எனக்கு ஒரு பக்கம் ஐந்தாவது மாதத்தில்தான் இறங்கியது. ஒன்று மட்டும் சொல்கிறேன், வீடியோ பார்த்துவிட்டு நீங்களாக அழுத்தித் தேய்க்காதீர்கள். மசாஜ் வேண்டுமா, எந்தத் திசையில் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பழையதழும்பு:
ஊதாப்பூ சொல்வது இடதுக்குச் சரி. உங்கள் வலது பக்கத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன், ஏனென்றால் மேலே நிற்பது காலப்போக்கில் இறங்கலாம், கீழே போனது தானாக ஏறாது. எனக்கு நடந்தது அதுதான், பாட்டமிங் அவுட் என்பார்கள். இம்ப்ளான்டை வைக்க உள்ளே வெட்டும் இடத்தை, அதாவது பையை, கொஞ்சம் தாழ்வாக வெட்டிவிட்டாலோ, தோலும் திசுவும் மெல்லியதாக இருந்து இம்ப்ளான்ட் கனமாக இருந்தாலோ இப்படி ஆகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது தழும்பு. மார்புக்கு அடியில் உள்ள மடிப்புக்குள் ஒளிந்திருந்த தழும்பு மெல்ல மெல்ல மார்பின் மேல் ஏறி வெளியே தெரிய ஆரம்பித்தது. உண்மையில் தழும்பு ஏறவில்லை, இம்ப்ளான்ட்தான் அதைத் தாண்டிக் கீழே போயிருந்தது. காம்பு மேல்நோக்கித் திரும்பிவிட்டது, பிரா போட்டால் மேலே எட்டிப் பார்க்கும். இஞ்சு டேப்பை எடுத்துக் காம்பிலிருந்து மடிப்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே இடத்தில் நின்று மாதத்துக்கு ஒரு போட்டோ. தினமும் பார்த்தால் பைத்தியம்தான் பிடிக்கும், எனக்குப் பிடித்தது. எனக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை ஒரு வருடம் கழித்துதான் செய்தார்கள்: பையின் அடிப்பகுதியை உள்ளே தைத்து உயர்த்தி, சிறிய அளவு இம்ப்ளான்ட் வைத்தார்கள்.

தியேட்டர்சிஸ்டர்:
இரவு ஷிஃப்ட், சுருக்கமாக எழுதுகிறேன். படுக்கும்போது லேசாகப் பக்கவாட்டில் ஒதுங்குவது இயல்புதான். கை முட்டும் அளவுக்கு அக்குளுக்குள் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டால் அது சிம்மாஸ்டியா, அடியில் இரண்டு வளைவு தெரிந்தால் டபுள் பபுள், இவை இரண்டும் பிராவால் தீராது. கண்ணீர்த்துளி வடிவம் என்றால் சுழன்றுவிட்டதா என்றும் பார்க்க வேண்டும், உங்களுடையது வட்டம், அந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை.

மேலே நிற்பதிலும் ஒரு ‘ஆனால்’ உண்டு. இறங்கி மென்மையான பிறகு மறுபடி இறுகி மேலே ஏறினால், அல்லது மாதங்கள் போகப் போக இறுக்கமும் வலியும் கூடினால், இம்ப்ளான்டைச் சுற்றி உடல் கட்டும் உறை சுருங்குகிறது என்று அர்த்தம். அதைத்தான் காப்சுலர் கான்ட்ராக்சர் என்கிறோம், பேக்கர் அளவில் 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால், சூடாகச் சிவந்தால், காய்ச்சல் வந்தால் மட்டும் இங்கே கேள்வி போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். வருடங்கள் கழித்து வரும் வீக்கத்துக்கும் ஸ்கேன் எடுத்து, உள்ளே தேங்கிய நீரைப் பரிசோதிக்க வேண்டும்.

தூக்கம்வராதவள்:
அளந்துவிட்டேன். வலது பக்கத் தழும்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது, காம்பும் நேராகத்தான் பார்க்கிறது. அப்படியென்றால் இடதுதான் சோம்பேறி. ஆனால் ஒரு சந்தேகம், வலதுக்கு அடியில் தாங்கல் வேண்டும், இடதுக்கு மேலிருந்து அழுத்தும் பட்டை வேண்டும், ஒரே பிராவில் இது எப்படி?

பழையதழும்பு:
அதை டாக்டர் பார்த்துத்தான் கட்டிவிட வேண்டும். எனக்குப் பட்டையை ஒரு பக்கத்துக்கு மட்டும் சாய்த்துக் கட்டினார்கள். அவர் சொல்லும் வரை கம்பி வைத்த பிரா வேண்டாம், அடியில் கம்பி முட்டுக்கொடுத்தால் இடது எப்படி இறங்கும்?

தூக்கம்வராதவள்:
சரி அக்கா, அடுத்த வாரம் போகும்போது கேட்கிறேன். இஞ்சு டேப்பை வீட்டுக்காரரிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டேன், ஒரு மாதத்துக்குக் கேட்டாலும் தரக்கூடாது என்று.