பெங்களூரில் தேவாங்கு பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஹெப்பாலிலிருந்து:
எங்கள் பக்கத்து வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இரவுக் கணக்கெடுப்புக்குக் கேமராவோடு போனேன். கூட்டிப்போன ஆராய்ச்சி மாணவி, ஃப்ளாஷைக் கழற்றிப் பைக்குள் போடச் சொன்னார். எல்லா டார்ச்சிலும் சிவப்புத் தாள். வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணுக்கு ஆகாதாம்.

மூங்கில் புதரில் இரண்டு செம்புள்ளிகள் மினுங்கின. பென்சில் தடிமனில் கைகால். இரண்டு கையாலும் ஒரு பூச்சியைப் பிடித்து மென்றது. அப்புறம் தன் மூத்திரத்தையே உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டது! பூச்சிக்கடி எரிச்சல் தணியத்தான் என்று ஒரு கருத்து உண்டாம்.

கேமராவின் ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏற்றியும் படம் மணல் மணலாகத்தான் வந்தது. இதே ஊரில் இருந்துகொண்டு ஃபிலிம் காலத்திலேயே காட்டுயிர்களைப் படமெடுத்த டி.என்.ஏ. பெருமாளை (1932–2017) நினைத்துக்கொண்டேன். எப்படித்தான் எடுத்தாரோ மனுஷன்.

மாணவி என்னிடம் கேட்டு வாங்கியது வேறு படம்: ஒரு மரத்தை வெட்டியதால் இரண்டு மரங்களுக்கு நடுவே விழுந்த இடைவெளி. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளையோடு கிளை தொடாவிட்டால் தரையில் இறங்க வேண்டும், இல்லையென்றால் மின்கம்பியில் ஏற வேண்டும். வளாகத்தில் மரம் வெட்டும் பேச்சு வரும்போது காட்ட இந்தப் படம்தான் உதவும் என்றார். அது நியாயம்தான்.

அல்சூரிலிருந்து:
எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பக்கம். சின்ன வயதில் தேவாங்கு எதிரே வந்தால் போன காரியம் கெட்டுவிடும் என்பார்கள். பயிரைத் தின்னும் பூச்சிகளை அது தின்பது யாருக்கும் கணக்கில்லை. இப்போது கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022இல் அறிவித்துவிட்டார்கள். தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம். ஊருக்குப் போனால் பெரிசுகளிடம் சொல்லிக் கொஞ்சம் அலட்டிக்கொள்வேன்.

மல்லேஸ்வரத்திலிருந்து:
ஹெப்பால் அண்ணா, வளாகத்தின் பெயர் ஊரறிந்ததுதான், பரவாயில்லை. எந்த மரம், எந்தப் பாதை என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். மாந்திரீகத்துக்கென்று பிடித்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் குட்டியோடு இருந்த தாய்த் தேவாங்கின் படத்தைப் போட்டு, கூடவே மேப்பையும் போட்டார். அந்த வாரக் கடைசியில் மரத்தடியில் ஒரே கூட்டம், ஆளுக்கொரு டார்ச். சண்டை போட்ட பிறகு மேப்பை எடுத்தார். படம் இன்னும் இருக்கிறது, நல்ல படம்தான்.