மறு: எக்லிப்ஸ் ப்ளூமேஜுக்கு (eclipse plumage, இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் ஆண் பறவை பூணும் மங்கலான இறகுகள்) ஒரு தமிழ்ச்சொல்

> ‘கிரகண இறகு’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லுக்கு நேராக அமைகிறது.

ஐயா, வணக்கம்.

‘எக்லிப்ஸ்’ என்றால் கிரகணம்தான், ஆனால் நேராக அமைவதுதான் தொல்லை. கிரகணம் என்றால் சிறிது நேரத்தில் விலகிவிடும் நிழல். பறவையின் மேல் எந்த நிழலும் விழுவதில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் தன் பளபளப்பான இறகுகளை உதிர்த்துவிட்டு மங்கலான இறகுகளுடன் சில மாதங்கள் திரிகிறது. ஆண் வாத்துகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பறப்பதற்கான இறகுகள் ஒரேயடியாக உதிர்ந்து, சில வாரங்கள் பறக்கவே முடியாத நேரத்தில் மங்கிய நிறம்தான் அவற்றுக்கு மறைவு.

பூங்காவில் நமக்குக் குழப்பம் தருவது வாத்தன்று, ஊதாத் தேன்சிட்டு. 10 செ.மீ. அளவே உள்ள இதன் ஆண், பருவத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கறுப்பு. வெயில் பட்டால்தான் ஊதாவும் நீலமும் மின்னும். பருவம் போனால் முதுகு பழுப்பு, வயிறு மஞ்சள், அசல் பெண்ணைப் போலவே. ஆனால் மோவாயிலிருந்து மார்பின் நடுவே ஒரு கருங்கோடு மை இழுத்ததுபோல் இறங்கும். இறக்கையும் பெண்ணினுடையதைவிடக் கருத்திருக்கும். பூவில் தலைகீழாகத் தொங்கும் பறவையில் இந்தக் கோடு எளிதில் கண்ணில் படாது. ‘பெண்’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அதனால் ‘பெண்கோலம்’ என்று நேற்று வந்த பரிந்துரையையும் ஏற்க மனமில்லை. எந்தத் தவற்றைத் தவிர்க்கச் சொல் தேடுகிறோமோ அதே தவற்றை அது சொல்லித் தருகிறது. ஆனால் ‘கோலம்’ அருமையான சொல், அதை விட வேண்டாம். இனப்பெருக்கக் கால இறகுகளுக்கு ‘மணக்கோலம்’, இதற்கு ‘மங்குகோலம்’. வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று மிகாது. குறிப்பேட்டில் ‘மங்குகோல ஆண், 1’ என்று எழுதிப் பாருங்கள். ‘இனப்பெருக்கமல்லாக் கால இறகுத்தொகுதி’ என்பதை எழுதி முடிப்பதற்குள் சிட்டு பறந்துவிடும்.

---

> இதற்கு ‘மங்குகோலம்’.

சொல் பிடித்திருக்கிறது. ஓர் ஐயம்: முதன்முறையாக நிறம் பெறும் இளம் ஆணிலும் கருமை திட்டுத்திட்டாகத் தோன்றுமே, அதையும் இப்படியே அழைப்பதா?

---

கூடாது. அது ஏறும் நிறம். ‘இளம் ஆண்’ என்றே குறிக்கலாம். ஒருமுறை மணக்கோலம் பூண்டு அதைக் களைந்த ஆணுக்கு மட்டுமே மங்குகோலம். எல்லாத் தேன்சிட்டுகளுக்கும் இது பொருந்தாது என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆண் ஆண்டு முழுவதும் ஒரே நிறம்தான். மறுப்பில்லையென்றால் இந்த வரையறையோடு நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.