மறு: காலனி சமுதாயக் கூடம் – நன்கொடை வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணன் மடல் பார்த்தேன். காலனிக் கூடத்தை இடித்துக் கட்ட மதிப்பீடு 9 லட்சம், நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு போடும், ஆகவே ஆளுக்கு இவ்வளவு என்று பட்டியல். துபாய் தம்பிகள் உடனே சரி சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவான இடங்களுக்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புக்குள் நடக்கும் வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். அதாவது 1,80,000. நீங்கள் கேட்பது 3 லட்சம். மிச்சம் எதற்கு? தெரியாமல் போட்டிருந்தால் திருத்திவிடுங்கள். தெரிந்தேதான் போட்டீர்கள் என்றால், போர்வெல் போட்ட கணக்கே இன்னும் வந்து சேரவில்லை, அதையும் சேர்த்தே கேட்பேன்.

இன்னொன்று. அமெரிக்க, கனடா பாஸ்போர்ட் வாங்கியவர்கள் சங்கக் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் வரும். சங்கத்துக்கு அந்தப் பதிவு கிடையாது. பதிவு வாங்கினாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில்தான் அந்தப் பணத்துக்குக் கணக்குத் தொடங்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் சம்பளத்திலிருந்து முறையாக அனுப்புவதில் சிக்கல் இல்லை.

சரி, கூடத்துக்கு வருகிறேன். ஆதிதிராவிடர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோ கட்டிக் கொடுத்த கூடம் அது. என் தங்கை போன மாதம் ஊருக்குப் போயிருந்தாள். இடிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்கிறாள். சமையல்கட்டுப் பக்கம் ஒரு மூலையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது, அவ்வளவுதான். ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை, ஓடாத குப்பை வண்டி, பழைய தேர்தல் தட்டிகள். கழிப்பறைக்கு டைல்ஸ் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, குழாயைத் திருகினால் காற்றுதான் வருகிறது. மோட்டாரை என்றைக்கோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அன்றைக்குக் கூடத்து வாசலிலேயே தெருவை மறித்து சாமியானா போட்டு ஒரு காதுகுத்து நடந்திருக்கிறது. ஏன் உள்ளே வைக்கவில்லை என்று கேட்டதற்கு, சாவி பஞ்சாயத்து கிளார்க்கிடம் என்றார்கள். கிளார்க்கைக் கேட்டால் தலைவர் வீட்டில். தலைவர் வீட்டில் கேட்டால், கரண்ட் பில் பாக்கி, ஃபியூஸ் பிடுங்கியாச்சு, திறந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

இந்த நிலைமையில் புதிதாக ஒன்று கட்டினால் அதற்கும் ஒரு பூட்டு வாங்கலாம்.

'வெளியூர்க்காரன் பார்த்தால் நம்மூரைப் பற்றி என்ன நினைப்பான்' என்று சிங்கப்பூர் அண்ணன் எழுதியிருந்தார். முகப்பில் வளைவு, அதில் கொடுத்தவர்கள் பெயர் பளிங்கில். அண்ணே, கோபிக்காதீர்கள். கோயில் மண்டபத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தேதி கேட்டபோதெல்லாம் 'அன்றைக்கு வேறு புக்கிங்' என்று சொன்னபோது ஊர் மானம் எங்கே இருந்தது? என் அக்கா கல்யாணத்தன்று மழையில் சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றைக்குத் தன் களத்தைத் திறந்துவிட்டவர் பம்புசெட் ஐயா ஒருவர்தான். அவர் மகன் இந்தக் குழுவில் இருப்பதால்தான் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறேன்.

கட்டத்தான் எல்லாரும் வருகிறார்கள். எம்.பி. தொகுதி நிதியிலேயே ஆண்டுக்கு 15 சதவீதம் ஆதிதிராவிடர் பகுதிகளுக்கு என்று இருக்கிறது. கட்டினால் கல்வெட்டு வைக்கலாம். கூட்டுகிறவருக்குச் சம்பளம், ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர் இதற்கெல்லாம் யாருக்கும் கல்வெட்டு கிடைக்காது. நாம் அதைக் கொடுப்போம் என்கிறேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் காலனி மகளிர் குழுவிடம் சாவியும் பராமரிப்பும் ஒப்படைக்கிறோம் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். வாடகையை அவர்களே வசூலித்து அவர்களே நோட்டில் எழுதட்டும். தீர்மானத்தின் நகல் வந்த அன்றே பில் பாக்கியையும் மோட்டார் செலவையும் நான் ஒருவனே கட்டிவிடுகிறேன், பட்டியலில் என் பெயர் வேண்டாம். அது வராமல் ஒரு பைசா அனுப்ப மாட்டேன்.

செயலாளர் அண்ணன் அந்த மதிப்பீட்டை முழுதாக ஸ்கேன் செய்து அனுப்பவும். முதல் பக்கம் மட்டும் போதாது.

அன்புடன்,
காலனித் தெரு, குவைத்திலிருந்து