வீட்டில் செய்த கிரீம் தண்ணீர் விட்டுவிட்டது, மேலே கறுப்புப் புள்ளி. என்ன தவறு? (அவசரம்)

கார்த்திகைப்பூ:
அம்மாவுக்குக் கால் தோல் மீன் செதில் மாதிரி வறண்டு கிடக்கிறது. கடை கிரீம் எதைப் பூசினாலும் அந்த வாசனைக்கே தும்மல் வந்துவிடும். அதனால் மெழுகு, தேங்காய் எண்ணெய், பன்னீர் சேர்த்து நானே செய்தேன். முதல் நாள் வெண்ணெய் போல அழகாக இருந்தது. மறுநாள் கல்லாக இறுகி, உள்ளே ரவை ரவையாக ஆகிவிட்டது. அடியில் தண்ணீர் தனியாக நிற்கிறது. இன்று ஆறாம் நாள், திறந்தால் மேலே இரண்டு கறுப்புப் புள்ளிகள். அதை வழித்து எடுத்துவிட்டு மறுபடி சூடாக்கிக் கலக்கலாமா? விட்டமின் ஈ கேப்ஸ்யூல் 2 போட்டிருக்கிறேன், கெடாது என்றுதானே சொல்கிறார்கள்? ஞாயிறு நான் சென்னை கிளம்ப வேண்டும், அதற்குள் செய்து வைத்துவிட்டுப் போகணும்.

சோப்புச்சட்டி:
முதலில் அதைக் கொட்டிவிடுங்கள். புள்ளி பூஞ்சை. மேலே தெரிவது கொஞ்சம்தான், உள்ளே பரவியிருக்கும். சூடாக்கினாலும் அதைத் தோலில் பூசக் கூடாது. அப்புறம், என்ன மெழுகு? தேன்மெழுகா, மெழுகுவர்த்தியா? எத்தனை கிராம்? பன்னீரை எந்தச் சூட்டில் ஊற்றினீர்கள்? எதுவுமே சொல்லவில்லையே.

மூலிகைத்தோட்டம்:
சகோதரி, பன்னீர்தான் காரணம். பூஜை சாமான் கடையில் விற்பது பெரும்பாலும் தண்ணீரில் வாசனை கலந்தது, தோலுக்கானது இல்லை. பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பன்னீருக்குப் பதில் சோற்றுக்கற்றாழை போடுங்கள், என் அனுபவத்தில் அதற்கு ஈடு இல்லை.

சோப்புச்சட்டி:
கற்றாழைச் சாறு பன்னீரைவிடச் சீக்கிரம் கெடும் ஐயா. வெட்டிய மடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலே சில நாளில் நாறிவிடுகிறது. தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் சிலருக்கு அரிப்பும் தரும்.

வேதியியல்64:
இதையே இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். இருந்தாலும் சொல்கிறேன். எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து நிற்பதற்குப் பால்மக்காரணி வேண்டும். தேன்மெழுகு தனியாக அந்த வேலையைச் செய்யாது, கெட்டிப்படுத்தத்தான் செய்யும். நீங்கள் செய்தது புதிய முறையும் அல்ல. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கேலன் என்ற மருத்துவர் பெயரில் வழங்குவது இதே தேன்மெழுகு, ஒலிவ எண்ணெய், பன்னீர் கலவைதான். அதுவும் நிலைத்து நிற்காது. அதனால்தான் பிற்காலத்தில் வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்தார்கள். வெங்காரம் மெழுகில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகி இரண்டையும் பிடித்து வைக்கும். விட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் கொஞ்ச நாள் காக்கும், அவ்வளவுதான். பூஞ்சையையும் கிருமியையும் அது தடுக்காது. கலவையில் தண்ணீர் இருந்தால் அதற்கென்று தனியாகப் பதப்படுத்தும் பொருள் போட்டே ஆக வேண்டும்.

தாராபுரத்தான்:
வெங்காரம் என்றால் கேரம் போர்டில் தூவுவதுதானே? வீட்டில் டப்பா நிறைய இருக்கிறது.

வேதியியல்64:
இல்லை. கேரம் பவுடர் போரிக் அமிலம். வெங்காரம் அதன் சோடியம் உப்பு, காரத்தன்மை உள்ளது. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது.

சோப்புச்சட்டி:
இரண்டுமே இந்த அம்மாவுக்கு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் இனப்பெருக்கத்துக்குக் கேடு தருபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. வெடித்த தோல் வழியாகப் போரிக் அமிலம் உள்ளே இறங்கும் என்பது பழைய செய்தி.

வேதியியல்64:
வெங்காரம் பல தலைமுறையாகக் கிரீமில் இருந்த பொருள். அளவு தெரிந்து போட்டால் பயமில்லை.

சோப்புச்சட்டி:
அளவு தெரிந்தவருக்குச் சரி. வீட்டில் கிராம் தராசுகூட இல்லாமல் கரண்டியால் அள்ளிப் போடுகிறவர்கள்தான் இங்கே அதிகம் படிக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

மூலிகைத்தோட்டம்:
நம் சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் இருக்கிறதே! குங்கிலியம் என்ற மரப்பிசினை நல்லெண்ணெயில் உருக்கி வடிகட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கடைந்தால் வெள்ளை வெண்ணெயாகத் திரளும். என் ஆச்சி குதிகால் வெடிப்புக்கு அதைத்தான் போடுவார். நெய்யை நூறு தடவை தண்ணீரில் கழுவும் முறையும் ஆயுர்வேதத்தில் உண்டு. வெங்காரமும் வேண்டாம், வேறு ரசாயனமும் வேண்டாம். தண்ணீர் சேர்ந்தால் கெடும் என்கிறீர்களே, இதெல்லாம் எப்படி நின்றது?

வேதியியல்64:
கடைந்து முடித்ததும் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது எண்ணெய்க்குள் சிறு துளிகளாகச் சிக்கிய கொஞ்சம்தான். பன்னீரை ஊற்றி அப்படியே விட்டதும் அதுவும் ஒன்றல்ல. இயற்கை என்பதற்காக ஒரு பொருள் கெடாமல் இருக்காது. பாலும் இயற்கைதான்.

மூலிகைத்தோட்டம்:
ஆச்சி வைத்தியத்தைப் பாலோடு ஒப்பிட வேண்டாம். அதைச் செய்வதில் ஒரு பக்குவம் இருக்கிறது.

பனிமலை:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கேட்டவர் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே தானாகவே உறையும். குன்னூரில் எங்கள் வீட்டில் மார்கழி முழுக்கப் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்தால்தான் ஊற்றவே முடியும். கல்லாக இறுகியது மெழுகின் குற்றமாக மட்டும் இருக்காது. மெதுவாக ஆறினால் ரவையாகவும் ஆகும். அம்மாவுக்கு என்ன வயது, சர்க்கரை இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கார்த்திகைப்பூ:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். கோத்தகிரி. தேன்மெழுகுதான், படுகர் வீட்டில் வாங்கியது. அளந்து போடவில்லை, எலுமிச்சை அளவு இருக்கும். எண்ணெய் ஒரு கப். பன்னீர் அரை கப், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து நேராக ஊற்றினேன். அம்மாவுக்கு 67. சர்க்கரை 12 வருடமாக. குதிகாலில் வெடிப்பும் இருக்கிறது, ஒன்றில் லேசாக ரத்தம் வந்தது.

சோப்புச்சட்டி:
இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் அம்மா. சர்க்கரை உள்ளவர் குதிகாலில் ரத்தம் வந்தால் கிரீம் அப்புறம். ஊருக்குக் கிளம்புவதற்குள் டாக்டரிடம் காலைக் காட்டிவிடுங்கள். நரம்பு மரத்துப் போயிருந்தால் அவருக்கு வலியே தெரியாது, புண் ஆழமாகிவிடும். அந்த வெடிப்பில் வீட்டில் செய்த எதையும் வைக்காதீர்கள். கெட்ட கிரீமை ஏற்கெனவே பூசியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மற்ற இடத்து வறட்சிக்குத் தண்ணீரே இல்லாமல் செய்யுங்கள். தேன்மெழுகு 20 கிராம், நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ 120 கிராம். உங்கள் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். சுத்தமான, ஈரமே இல்லாத பாத்திரத்தில் போட்டு, அதைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். மெழுகு 62 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும், நேரடித் தீயில் வைக்காதீர்கள். உருகியதும் ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் எண்ணெய், இளகினால் துளி மெழுகு. டப்பாவில் ஈரக் கை படக் கூடாது. குளித்துத் துடைத்ததும் தோலில் ஈரம் லேசாக இருக்கும்போதே பூச வேண்டும். அந்த ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான் இதன் வேலை. கால் விரல் இடுக்கில் மட்டும் போடாதீர்கள், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரும்.

மூலிகைத்தோட்டம்:
சர்க்கரை என்று தெரியாமல் பேசிவிட்டேன் சகோதரி. அக்கா சொல்வதுதான் சரி. முதலில் டாக்டர்.

வேதியியல்64:
தண்ணீர் இல்லாத கலவைக்குப் பால்மக்காரணி தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். 1-க்கு 6 என்பது நல்ல அளவு. இதில் விட்டமின் ஈ போடுங்கள், இங்கே அதற்குப் பயன் உண்டு. முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்கள். சிலருக்கு எள் ஒத்துக்கொள்ளாது.

தாராபுரத்தான்:
கேரம் பவுடரை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். விளக்கியதற்கு நன்றி.

கார்த்திகைப்பூ:
டாக்டரிடம் போய் வந்தோம். வெடிப்புக்குத் தனி மருந்து கொடுத்தார், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொன்னார். நல்லெண்ணெயில் செய்தேன், நேற்று இரவு இளகலாக நன்றாகத் திரண்டது. அம்மாவுக்குத் தும்மல் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி.

பனிமலை:
மகிழ்ச்சி. நீங்கள் இல்லாத நாளில் அம்மா காலை யார் தினமும் பார்ப்பார்கள்? பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லி வைத்தீர்களா?