2025-இல் பனியனுக்கு 50 சதவீத வரி, விளையாட்டுக்கு 30 சதவீதக் கமிஷன்: எது பரவாயில்லை?

கட்டிங்மாஸ்டர்_மகன்:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், இதுதான் பகல். நிரல் எழுதுவது ராத்திரி, அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது எங்கள் அமெரிக்க பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், ஒன்றரை ஷிப்டு ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டுக்கே வேலை இல்லை, நானும் ஆறு மணிக்கெல்லாம் வீட்டில். இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த ஆடுபுலி ஆட்டத்தை அந்த மாதங்களில்தான் ஒருவழியாக முடித்தேன். வருமானம் குறைந்ததால் முடிந்த வேலை என்று வீட்டில் கிண்டல்.

3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. விளையாட்டு செய்யும் கருவியான கோடோ இன்ஜினில் எழுதியது. கணினியோடு ஆடலாம். ஆடு இறக்கும் கட்டத்தில் காலியாக இருக்கும் புள்ளி எல்லாவற்றிலும் இறக்கலாம் என்பதால் கணினி தன் அடுத்த நகர்வைத் தேடுவது அங்கேதான் திணறும். 15 ஆடும் இறங்கிவிட்டால் நகர வழி கொஞ்சம்தான், பழைய போனில்கூடப் பறக்கிறது. (இதை எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.)

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒரு பெட்டி பனியன் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினால் தீர்வை கட்ட வேண்டும். அதே ஊரில் ஒருவர் என் விளையாட்டைத் தரவிறக்கினால் தீர்வை இல்லை. மின்வழியாக அனுப்புவதற்குச் சுங்கத் தீர்வை போடுவதில்லை என்று உலக வர்த்தக அமைப்பில் 1998-இல் நாடுகள் ஒப்புக்கொண்டு, அதைத் தவணை தவணையாக நீட்டித்தன, 2024-இலும் அப்படித்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறதே? அரசாங்கம் வாங்காத தீர்வையைக் கடைக்காரர் வாங்குகிறார், அவ்வளவுதானே? 199 ரூபாய் வைக்கலாம் என்று இருக்கிறேன். விற்றவர்கள் யாராவது இருந்தால் உண்மையான கணக்கைச் சொல்லுங்கள். இல்லை, பேசாமல் இலவசமாக விட்டுவிடவா?

இரண்டாம்_ஆட்டம்:

வாழ்த்துகள் முதலில். முடித்ததே பெரிய விஷயம், என் கணினியில் முடியாத விளையாட்டுகள் பதினொன்று கிடக்கின்றன.

நான் ஒரு சின்னப் புதிர் விளையாட்டு விற்றவன், அதனால் சொல்கிறேன். 199 ரூபாய்க்குள் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. அதைக் கழித்தால் 168 ரூபாய் 64 பைசா. அதில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. உங்கள் கையில் 118 ரூபாய். அமெரிக்காவில் விற்ற பங்குக்கு மட்டும் அங்கே வரிப் பிடித்தம் உண்டு. படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டினால் 15 சதவீதம், காட்டாவிட்டால் 30. அந்தப் படிவத்தைச் சோம்பேறித்தனமாக நிரப்பாதீர்கள், நான் நிரப்பினேன், அப்புறம் வருத்தப்பட்டேன்.

ஆரம்பத்தில் 100 டாலர் கட்ட வேண்டும், சுமார் 9,000 ரூபாய். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால்தான் அது திரும்பி வரும். உங்கள் விலையில் அதற்கு ஐந்நூறு பிரதிக்கு மேல் போக வேண்டும். அந்த 9,000-ஐ மட்டும் எடுக்கவே எண்பது பிரதி. சொந்தக்காரர், நண்பர், ஆபீஸ் எல்லாம் சேர்ந்து முப்பது வாங்குவார்கள், மீதியை முன்பின் தெரியாதவர்கள்தான் வாங்க வேண்டும். 2024-இல் மட்டும் ஸ்டீமில் 18 ஆயிரத்துக்கு மேல் விளையாட்டுகள் வந்தன, அதாவது ஒரு நாளைக்கு ஐம்பது. நீங்கள் வெளியிடும் நாளிலும் உங்களோடு சேர்த்து ஐம்பது பேர் கடை திறப்பார்கள்.

இன்னொன்று, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் ஆட்டம் ஒன்று முடிய எவ்வளவு நேரம், பதினைந்து நிமிடமா? திருப்தியாக ஏழு ஆட்டம் ஆடிவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம். என்னுடையதில் ஒருவர் "அருமை, இன்னும் நீளமாக இருந்திருக்கலாம்" என்று எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அருமை என்றதற்குச் சந்தோஷப்படுவதா என்றே தெரியவில்லை.

குத்தகை_பாக்கி:

தீர்வை என்ற ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. தீர்வை கட்டினால் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. கடைக்காரர் பணம் வசூலித்துத் தருகிறார், தரவிறக்கச் செலவைப் பார்க்கிறார், திருப்பிக் கேட்பவரோடு மல்லுக்கட்டுகிறார். இது வாரச்சந்தைச் சுங்கம். சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் தலைச்சுமைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குவார் இல்லையா, அது. எபிக் என்ற இன்னொரு கடையில் சுங்கம் 12 சதவீதம்தான், 2025 ஜூனிலிருந்து ஒரு விளையாட்டுக்கு வருடத்தில் முதல் 10 லட்சம் டாலர் வரை அதுவும் இல்லை. இட்ச் தளத்திலோ கடையின் பங்கு எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யலாம், பூஜ்யம் என்றுகூடப் போடலாம். அப்படியும் எல்லோரும் ஏன் 30 சதவீதச் சந்தைக்குப் போகிறார்கள்? கூட்டம் அங்கேதான். காலிச் சந்தையில் சுங்கம் இல்லாமல் உட்கார்ந்து தக்காளியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கூட்டத்துக்குத்தான் 30.

சுங்கம் அதிகம் என்பதைவிட நடுவில் மாற்றுவதுதான் எனக்குப் பயம். 2023 செப்டம்பர் 12 ஞாபகம் இருக்கிறதா? கோடோ மாதிரி இன்னொரு இன்ஜினை விற்கும் யூனிட்டி கம்பெனி திடீரென்று, விளையாட்டை நிறுவும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்றது. இலவசப் பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு, வருடத்தில் 2 லட்சம் டாலர் வருமானமும் மொத்தம் 2 லட்சம் நிறுவலும் தாண்டினால், ஒரு நிறுவலுக்கு 20 சென்ட். எங்களைப் போன்ற பொழுதுபோக்கு ஆட்கள் அந்த எல்லையை எட்டிப்பார்க்கக்கூடப் போவதில்லை, ஆனாலும் ஏன் அத்தனை கோபம்? ஏற்கெனவே வெளிவந்து விற்றுக்கொண்டிருந்த விளையாட்டுக்கும் அது பொருந்தும் என்றார்கள். பனியனைத் தைத்து, பெட்டி கட்டி, கப்பலில் ஏற்றிய பிறகு தையல் மிஷின்காரர் வந்து இனி யாராவது சட்டையைப் போடும்போதெல்லாம் எனக்கு ஒரு ரூபாய் என்றால் எப்படி இருக்கும்? பத்து நாளில் திருத்தினார்கள், அடுத்த மாதமே தலைமை நிர்வாகி போனார், 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே கைவிட்டார்கள். ஆனால் போன நம்பிக்கை போனதுதான்.

அதற்கு நான் பேராசை என்று மட்டும் பெயர் வைக்க மாட்டேன். 2020-இல் பங்குச் சந்தைக்குப் போன கம்பெனி அது. அப்போது வட்டி ஏறக்குறைய பூஜ்யம், நஷ்டத்தில் ஓடினாலும் வளர்ந்தால் போதும் என்று முதலீட்டாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள். 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தது, 2023 ஜூலையில் அது 5.25–5.5 சதவீதம் என்ற வரம்புக்கு வந்தது, லாபம் எங்கே என்ற கேள்வியும் கூடவே வந்தது. வாஷிங்டனில் வட்டி ஏறினால் உங்கள் ராத்திரி வேலைக்கான கருவியின் விதிமுறை மாறுகிறது. பனியன்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒற்றைக்கொம்பு:

பணக் கணக்கை அவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் என் பெயருக்கு ஏற்ற விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கோடோ 4-ஆ, 3-ஆ? 3 என்றால் தமிழ் எழுத்து உடையும். "கெ" என்று எழுதினால் கணினி சேமிக்கும் வரிசை க, அதன் பின் கொம்பு. அதை அப்படியே வரைந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். "கொ" இன்னும் மோசம், ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்க வேண்டும். 2023 மார்ச்சில் வந்த 4-இல், எழுத்துக் குறிகளைச் சரியான இடத்தில் வைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்திருப்பதால் இந்தத் தொல்லை போயிற்று. நான் பல வருடம் முன்பு வேறொரு கருவியில் தமிழ் வசனம் முழுவதையும் படமாக மாற்றி ஒட்டினேன், ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் மறுபடி முப்பது படம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குத்தகை அண்ணன் சொன்ன ஆபத்து உங்களுக்கு இல்லை. கோடோ, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற எம்ஐடி உரிமத்தில் வருவது, அர்ஜென்டினாவில் இரண்டு பேர் தொடங்கி 2014-இல் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள், நீங்கள் எடுத்த பதிப்புக்கு நாளைக்கு யாரும் புதுக் கட்டணம் போட முடியாது. ஹார்ஃப்பஸும் அப்படித்தான், நோட்டோ தமிழ் எழுத்துருவும் அப்படித்தான். உங்கள் ஊரில் நூல் விலை ஏறினால் ஊரே புலம்பும், இங்கே நூல் இலவசம், மிஷின் இலவசம், கூலி மட்டும்தான் உங்களுடையது. அதையும் நீங்கள் கணக்கில் எழுதவில்லை.

கட்டிங்மாஸ்டர்_மகன்:

எல்லோருக்கும் நன்றி. கோடோ 4-தான், தமிழ் சரியாக வருகிறது, அதற்குப் பின்னால் இவ்வளவு இருப்பது தெரியாது.

கூலியை நேற்று எழுதிப் பார்த்தேன். இரண்டு வருடம், வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்று குறைவாகவே வைத்தாலும் 800 மணிக்கு மேல் வருகிறது. ஓவர்டைம் கணக்கில் போட்டால் ஒரு நல்ல பைக் வாங்கியிருக்கலாம். எண்பது பிரதி, ஐந்நூறு பிரதி எல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன், அப்பா கண்ணில் பட்டால் கதை வேறு.

வாரச்சந்தை ஒப்பீடு சரிதான், தீர்வை என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் குத்தகை அண்ணா, எங்கள் ஊர்ச் சந்தையில் 30 சதவீதம் கேட்டால் குத்தகைதாரரைத் தக்காளியாலேயே அடிப்பார்கள்.

ஸ்டீம் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. ஆடுபுலி ஆட்டத்தைப் பெரிய கணினி முன் உட்கார்ந்து யாரும் தேடப் போவதில்லை, போனில்தான் தேடுவார்கள். கூகுள் ப்ளேயில் ஒரே தடவை 25 டாலர், இலவசமாக விடுகிறேன். விளம்பரமும் வைக்கவில்லை. ஒரே சிக்கல், புதுத் தனிநபர் கணக்கு என்பதால் வெளியிடுவதற்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். ஆபீஸில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். இங்கிருந்து ஐந்து பேர் வருவீர்களா? ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும், ஆனால் நடுவில் விலகிவிடாதீர்கள்.

அப்புறம், உங்கள் ஊரில் எத்தனை ஆட்டை வெட்டினால் புலி ஜெயித்ததாகக் கணக்கு? நான் ஆறு என்று வைத்திருக்கிறேன். பெரியப்பா பத்து என்கிறார், கேட்டால் அதற்குமேல் பேச மாட்டேன் என்கிறார். இரண்டையும் தேர்வாக வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

இரண்டாம்_ஆட்டம்:

என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஐந்து. தேர்வாக வைக்காமல் எண்ணை ஆடுபவரே போட்டுக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஊருக்கு ஒரு நட்சத்திரம் குறைத்து விமர்சனம் எழுதுவார்கள்.