ஹேண்டிலுக்குத் தமிழ்: கைப்பிடியா, கையாளியா, வேறா?

பாம்பனிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்கால வகுப்புக்கான பாடக்குறிப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்த நாட்களில் நிரல் எழுதப் படிக்க வரும் பிள்ளைகளுக்குச் சாளரப் பாடம் ஒன்று, கோப்புப் பாடம் ஒன்று. இரண்டிலும் ‘ஹேண்டில்’ வருகிறது, அதாவது ஒரு கோப்பையோ சாளரத்தையோ குறிக்க இயங்குதளம் நிரலுக்குத் தரும் எண். சாளரப் பாடத்தில் அதைக் ‘கைப்பிடி’ என்று எழுதியிருக்கிறார்கள், கோப்புப் பாடத்தில் ‘கையாளி’ என்று. படிக்கிறவர் இவற்றை இரண்டு வெவ்வேறு சங்கதி என்றே எடுத்துக்கொள்வார். ஒரே சொல் வேண்டும். ‘ஹேண்டில்’ என்றே விட்டுவிடலாம் என்றாலும் சரி, காரணத்தோடு சொல்லுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

முதலில் ‘கையாளி’யை எடுத்துவிடுங்கள் தம்பி. பொத்தானை அழுத்தியதும் ஓடுகிற செயற்கூறுக்கு ‘நிகழ்வுக் கையாளி’ என்று அதே குறிப்பில் பெயர் வைத்திருக்கிறீர்கள். அது வேலை செய்கிற ஆள். ஹேண்டில் எந்த வேலையும் செய்யாது.

‘கைப்பிடி’ நல்ல சொல், ஆனால் அதற்குச் சொந்தக்காரர் ஏற்கனவே இருக்கிறார். படத்தின் மூலையிலும் சாளரத்தின் ஓரத்திலும் பிடித்து இழுத்து அளவு மாற்றுகிறோமே, அந்தச் சின்னச் சதுரங்கள்தாம் கைப்பிடி. அவை கண்ணுக்குத் தெரியும், மௌஸால் பிடிக்கலாம். ‘சுட்டி’ அறவே வேண்டாம். மௌஸுக்கும் அதுதான், பாயின்டருக்கும் அதுதான். மூன்றாவது சுமையை அது தாங்காது. தவிர, பாயின்டர் நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும், அங்கே போய்ப் பார்க்கலாம். ஹேண்டிலை வைத்துக்கொண்டு அப்படி எங்கேயும் போக முடியாது.

ஹேண்டில் என்பது, இயங்குதளம் தன் வசம் வைத்திருக்கும் ஒன்றுக்காக நம் நிரலிடம் கொடுக்கிற எண். கோப்பும் சாளரமும் நம் கைக்கு வருவதே இல்லை. எண் வரும். படிக்க, எழுத, நகர்த்த, மூட, எதற்கும் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். நாம் அதை வைத்திருக்கும்வரை அந்தக் கோப்பு பிடியில் இருக்கும், விட்டால்தான் விடுபடும். அதனால் என் முன்மொழிவு ‘பிடியெண்’. கோப்புப் பிடியெண், சாளரப் பிடியெண். பெறுவது, சரிபார்ப்பது, விடுவது என்று வினைகளும் பொருத்தமாக வந்து சேரும்.

சரிபார்ப்பது என்று தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் அது. வின்டோஸில் சாளரம் உண்டாக்கும் கிரியேட்விண்டோ அழைப்பு தோற்றால் 0 தரும். கோப்பைத் திறக்கும் கிரியேட்ஃபைல் தோற்றால் 0 தராது, -1 தரும். இரண்டுக்கும் ஒரே வரியில் ‘0 இல்லையென்றால் மேலே போ’ என்று எழுதினால், திறக்காத கோப்பு திறந்ததாகக் கணக்காகிவிடும். அடுத்த வரியில் கோப்பைப் படிக்கும் ரீட்ஃபைல் தோற்று, பிழை 6 வரும்: பிடியெண் செல்லாது. ‘பிடியெண்ணில் என்ன தப்பு?’ என்று தேட ஆரம்பிப்பார்கள். உண்மையான காரணம் அதற்கு முந்தின வரியில் இருந்தது: 2 என்றால் கோப்பே இல்லை, 5 என்றால் அனுமதி இல்லை, 32 என்றால் வேறொரு நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ரீட்ஃபைலும் தோற்றதால் கடைசிப் பிழை எண் மாறி, அந்தத் தகவல் போய்விட்டது. அந்த எண்ணை, கெட்லாஸ்ட்எர்ரர் அழைப்பால், தோற்ற அழைப்புக்கு நேர் அடுத்த வரியிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

லினக்ஸிலும் கோப்பைத் திறக்கும் ஓப்பன் தோற்றால் -1 தான். அங்கே 0 நல்ல எண், விசைப்பலகை உள்ளீடு வருவது அதன் வழியாக. 1 வெளியீடு, 2 பிழை வெளியீடு. ஆகவே ‘0 என்றால் செல்லாது’ என்று பொதுவிதியாகக் கற்றுக்கொடுக்காதீர்கள். ‘செல்லாப் பிடியெண்’ என்று சொல்லிவிட்டு, எந்த அழைப்புக்கு எது செல்லாது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

தொண்டியிலிருந்து:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். மூன்று சந்தேகம்.

‘பிடியெண்’ என்று வகுப்பில் வாயால் சொன்னால் ‘பிடி என்’ என்றுதான் காதில் விழும். இரண்டாவது, பைத்தானில் தொடங்குகிற பிள்ளை கோப்பைத் திறந்தால் எண் வருவதில்லை, ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்) வருகிறது. அதையும் ஊரெல்லாம் ஃபைல் ஹேண்டில் என்கிறார்கள். அங்கே ‘எண்’ பொய்யாகிவிடாதா? மூன்றாவது, நம் பக்கத்துப் பிள்ளைக்கு இதைவிடத் தெரிந்த சொல் இருக்கிறதே. ராமேசுவரத்தில் படகு கடலுக்குப் போக மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் படகு ஆகாது, ஆனால் அது இல்லாமல் படகு போகாது. ‘அனுமதிச்சீட்டு’ என்றே வைத்தால் என்ன? படிக்க மட்டும் திறந்த கோப்பில் எழுதப் போனால் பிழை 5 வருகிறது. ஹேண்டிலுக்குள் அனுமதியும் அடங்கியிருக்கிறது என்பது அந்தச் சொல்லில் தானாக விளங்கும்.

கீழக்கரையிலிருந்து:

அனுமதி பற்றிச் சொன்னது சரி, அதை விளக்கத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும். சொல்லாக வைத்தால் இடிக்கும். சாளரப் பிடியெண்ணில் அப்படிப் படிப்பனுமதி, எழுத்தனுமதி என்று எதுவும் இல்லை. தவிர, டோக்கன் என்ற பெயரில் நிரலாக்கத்தில் ஏற்கனவே இரண்டு பேர் இருக்கிறார்கள்: கம்பைலர் வரியை உடைக்கும் துண்டு, கடவுச்சொல்லுக்குப் பிறகு தளம் தரும் அடையாளம். மூன்றாவது எதற்கு?

உச்சரிப்புக்குப் பதில்: பதிவெண், கதவெண் எல்லாம் அப்படித்தான் ஒலிக்கின்றன, யாரும் குழம்பவில்லை.

பைத்தான்தான் நல்ல கேள்வி. ஓப்பன் தருவதைக் ‘கோப்புப் பொருள்’ என்றே சொல்லுங்கள். பிடியெண் அதற்குள் இருக்கிறது. லினக்ஸில் ஃபைல்நோ() என்று கேட்டால் காட்டும். சாதாரண நிரலில் முதலில் திறக்கும் கோப்புக்குப் பெரும்பாலும் 3 வரும், முன்னால் உள்ள 0, 1, 2 மூன்றும் மேலே சொன்னவை. பொருளை மூடும்போது இரண்டு வேலை நடக்கிறது: இடையகத்தில் (பஃபரில்) தேங்கிய எழுத்துகள் கோப்புக்குப் போகின்றன, பிடியெண் விடப்படுகிறது. மூடாமல் நிரல் நடுவில் செத்தால் கோப்பு 0 பைட்டாகக் கிடப்பது அதனால்தான். பைத்தானின் ‘வித்’ (with) தொகுதிக்குள் திறந்தால் இரண்டும் தானாக நடக்கும். (சொல்லுக்குத் தொடர்பில்லை, ஆனாலும் குறிப்பில் போடுங்கள்: திறக்கும்போது என்கோடிங்கை, அதாவது எழுத்துக் குறிமுறையை, யூடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால், தமிழ் எழுத்தே இல்லாத 1252 குறிமுறை உள்ள வின்டோஸில் ‘பாம்பன்’ என்று ஒரு சொல் எழுதினாலே பிழை விழும்.)

பைத்தானில் சாளரம் போட உதவும் டிகின்டரின் சாளரத்திலும் பிடியெண் உண்டு. வின்ஃபோ_ஐடி() தரும். வின்டோஸில் அது உள் சாளரத்தின் எண். அதை வைத்துத் தலைப்பை மாற்றினால் திரையில் எதுவும் மாறாது. தலைப்புப் பட்டை உள்ள வெளிச் சாளரத்தின் எண் ஃபிரேம்() தருவது. அதுவும் 16 அடிமான எழுத்துச் சரமாக வரும், எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

மண்டபத்திலிருந்து:

‘பிடியெண்’ எனக்குச் சம்மதம். விடுவது பற்றி ஒரு எச்சரிக்கை. பெயர் ஒன்றாகிவிட்டதால் விடும் வழியும் ஒன்று என்று பிள்ளைகள் நினைப்பார்கள். கோப்புக்கு குளோஸ்ஹேண்டில், சாளரத்துக்கு டெஸ்ட்ராய்விண்டோ, வரையும் பேனாவுக்கும் தூரிகைக்கும் டெலிட்ஆப்ஜெக்ட். சாளரப் பிடியெண்ணைக் குளோஸ்ஹேண்டிலிடம் கொடுத்தால் சாளரம் மூடாது, தோல்விதான் வரும்.

இதில் தூரிகைதான் ஆளை ஏமாற்றும். சாளரத்தைத் திரும்ப வரையும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று உண்டாக்கிவிட்டு விடாமல் போனால், ஒரு நிரலுக்கு வழக்கமான வரம்பான 10,000 நிரம்பும்வரை எதுவும் தெரியாது. பிறகு பொத்தான் பாதி வரையப்படும், பட்டியல் வெறுமையாக வரும். பிழைச் செய்தி என்று ஒன்றும் வராது. டாஸ்க் மேனேஜரில் விவரப் பட்டியலைத் திறந்து ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் (பேனா, தூரிகை போன்ற வரைபொருள்களின் எண்ணிக்கை) என்ற நிரலை, அதாவது பத்தியை, சேர்த்துக்கொண்டு சாளரத்தின் அளவை இழுத்து இழுத்து மாற்றுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அதுதான். இதற்குப் ‘பிடியெண் கசிவு’. நினைவகக் கசிவு என்று முன்பே எழுதுகிறோம், ஒத்துப்போகும். (பத்திக்கும் ‘நிரல்’ என்கிறோம், புரோகிராமுக்கும் ‘நிரல்’ என்கிறோம். அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

லினக்ஸில் கோப்புக் கசிவு சீக்கிரம் தெரிந்துவிடும். பல கணினிகளில் ஒரு நிரலுக்கு 1024 தான் வரம்பு, யூலிமிட் -என் என்று தட்டினால் காட்டும். அது நிரம்பியபின் திறக்கப் போனால் பிழை 24.

இன்னொன்று. ஒரு நிரலின் கோப்புப் பிடியெண் 420 என்றால், பக்கத்து நிரலில் 420 வேறெதையாவது குறிக்கும், அல்லது ஒன்றையும் குறிக்காது. சாளரப் பிடியெண்ணோ ஒரே திரையில் ஓடும் எல்லா நிரலுக்கும் பொது. எதையும் கோப்பில் எழுதி வைத்து மறுநாள் பயன்படுத்த முடியாது. விட்ட எண்ணை இயங்குதளம் இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும்.

தொண்டியிலிருந்து:

கோப்புப் பொருள் என்று பிரித்துச் சொன்னபின் எனக்கு மறுப்பில்லை. ஓப்பன் தரும் எண்ணை லினக்ஸ்காரர்கள் டிஸ்க்ரிப்டர் என்கிறார்கள், அதற்கு ‘விவரிப்பி’ என்று மட்டும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். அது எதையும் விவரிப்பதில்லை. அதுவும் கோப்புப் பிடியெண்தான்.

பாம்பனிலிருந்து:

இரண்டு பாடத்திலும் மாற்றிவிட்டேன். அளவு மாற்றும் மூலைகளுக்கு மட்டும் கைப்பிடி நிற்கிறது. சொற்பட்டியலில் இப்படிப் போட்டிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

பிடியெண் – இயங்குதளத்தின் வசமுள்ள கோப்பு, சாளரம் போன்ற ஒன்றைக் குறிக்க நிரலுக்குக் கிடைக்கும் எண். கூட்டவோ கழிக்கவோ கூடாது. பெற்றதும் சரிபார்க்க வேண்டும்; வேலை முடிந்ததும் அதற்குரிய அழைப்பால் விட வேண்டும். கோப்பாக இருந்தால், திறந்தபோது கேட்ட அனுமதிக்கு மேல் செல்லாது.

செல்லாப் பிடியெண் – கிரியேட்ஃபைலுக்கு -1, கிரியேட்விண்டோவுக்கு 0, லினக்ஸின் ஓப்பனுக்கு -1. பிழை எண் 6-இன் செய்தியும் இதுவே.